தார்ப்பாய்க்குள் மூன்று வண்டிகள்

உங்கள் தெருவிலும் ஒன்று இருக்கும். காம்பவுண்டுச் சுவர் ஓரமாகவோ மாடிப்படிக்கு அடியிலோ தார்ப்பாய் போர்த்தி நிற்கும் பழைய வண்டி. டயரில் காற்று இருக்காது, அச்சுக்கு அடியில் செங்கல் அடுக்கியிருக்கும். தார்ப்பாய் மடிப்பில் வேப்பஞ்சருகு சேர்ந்து மக்கியிருக்கும். விசாரித்தால், "பாதி வேலை முடிஞ்சிருச்சு, அடுத்த ஆயுத பூஜைக்கு ரோட்டுல பாருங்க" என்பார் அதன் சொந்தக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. முழு மனதோடு நம்பித்தான் சொல்கிறார். ஆயுத பூஜை வரும். தார்ப்பாய்க்கு மேலேயே சந்தனப் பொட்டு வைத்து, வாழைக்கன்று சாத்தி, பூசணிக்காய் உடைத்துவிட்டுப் போவார்கள்.

இது ஒரு வண்டியோடு நின்றால் புதிர் இல்லை. சில ஆண்டுகளில் அதன் பக்கத்தில் இன்னொரு தார்ப்பாய் முளைக்கிறது. அப்புறம் மூன்றாவது. ஒன்றையே முடிக்காதவர் எதற்காக இரண்டாவதைக் கொண்டுவருகிறார்? வீட்டில் இருப்பவர்கள் இதற்குச் சொல்லும் விடை சோம்பேறித்தனம், இல்லையென்றால் பைத்தியம். இரண்டுமே தவறு என்பது என் எண்ணம்.

அப்படி நான் நினைக்கக் காரணம் தாம்பரத்தில் இருக்கும் ஒரு மாமா. அப்பாவின் நண்பர். சொந்தமாக லேத் பட்டறை வைத்திருப்பவர், வாரத்தில் ஆறு நாள் காலை எட்டு மணிக்குப் பட்டறைக் கதவைத் திறப்பவர். நூலில் ஒரு பங்கு பிசகாமல் புஷ் கடைந்து தருவார். அவருடைய கொட்டகையில்தான் மூன்று வண்டிகள் நின்றன: ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார், அதன் பாகங்களுக்காக வாங்கிய இன்னொரு ஹெரால்ட், காத்திருந்த காலத்தில் வந்துசேர்ந்த ஒரு விஜய் சூப்பர் ஸ்கூட்டர். கைத்திறனும் உழைப்பும் குறைவில்லாத மனிதரிடமே இப்படிச் சேர்கிறது என்றால், காரணத்தை அவருடைய குணத்தில் தேடிப் பயனில்லை. வேலையின் அமைப்பில் தேட வேண்டும்.

கழற்றச் சொல்லி அழைக்கும் கார்

ஹெரால்ட் 1959-ல் இங்கிலாந்தில் அறிமுகமான கார். வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. 1961 முதல் சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் இதை இங்கே தயாரித்தது. 948 சிசி எஞ்சின். முன்பக்க பானெட் முழுவதும், மட்கார்டு விளக்கோடு சேர்ந்து, பெட்டி மூடியைப் போல முன்னோக்கித் திறக்கும். சக்கரம், எஞ்சின், ஸ்டியரிங் எல்லாம் கண்முன்னே. பழுது பார்ப்பவர்களுக்கு அதைவிட வசதியான கார் அந்தக் காலத்தில் குறைவு.

அதன் உடல் ஒரே கூடாகப் பற்றவைக்கப்பட்டதும் அல்ல. பல துண்டுகளாகச் செய்து, தனியான சேஸியின் மேல் போல்ட்டு போட்டு முடுக்கியது. இங்கிலாந்தில் ஹெரால்டை உருவாக்கிய நிறுவனத்துக்கு உடல் செய்து கொடுத்துவந்த ஆலையைப் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டதால், சின்னச் சின்ன ஆலைகளில் துண்டு துண்டாகச் செய்து பொருத்தும்படி வடிவமைத்தார்கள். கூரையைக்கூட போல்ட்டைக் கழற்றித் தூக்கி வைத்துவிடலாம்.

மாமா நாலே ஞாயிற்றுக்கிழமைகளில் காரை முழுவதும் பிரித்துவிட்டார். "தம்பி, கழட்டறது ஒரு மாசம். மாட்டறதுக்குத்தான் ஆயுசு வேணும்" என்று பிறகு ஒருநாள் சொன்னார். ஏன் அப்படி? பிரிப்பதும் பூட்டுவதும் ஒரே பாதையில் போவதும் வருவதும்தானே?

பத்து போல்ட்டு, ஒரே ஒரு வழி

ஒரே தடிமனில், நீளம் மட்டும் கொஞ்சம் கொஞ்சம் மாறும் பத்து போல்ட்டுகளை வைத்துக்கொள்வோம். பத்து துளைகளில் இருந்து அவற்றைக் கழற்ற எந்த அறிவும் தேவையில்லை. எதை முதலில் கழற்றினாலும் சரி, பத்தும் டப்பாவில் வந்து விழும். திரும்ப மாட்டும்போது எந்தத் துளைக்கு எது என்று தெரிய வேண்டும். பத்து போல்ட்டுகளைப் பத்துத் துளைகளில் மாற்றி மாற்றிப் போட 36 லட்சத்து 28 ஆயிரத்து 800 வழிகள் இருக்கின்றன. சரியான வழி ஒன்றுதான்.

ஒரு பொருளின் பகுதிகள் எத்தனை விதமாகக் கிடக்க முடியும் என்பதை அளப்பதற்கு இயற்பியலில் ஒரு சொல் உண்டு: சிதறம். பூட்டிய கார் என்பது ஒரே ஒரு நிலை. பிரித்த கார் என்பது கோடிக்கணக்கான நிலைகளில் ஏதோ ஒன்று. ஒழுங்கில் இருந்து சிதறத்துக்குப் போவது சரிவில் இறங்குவது போல, எப்படிப் போனாலும் இறங்கிவிடலாம். மேலே ஏற, எது எங்கே என்ற தகவல் வேண்டும். அந்தத் தகவல் கார் பூட்டியிருந்தவரை காரிலேயே இருந்தது. பிரித்தவுடன் மாமாவின் நினைவுக்கு இடம் மாறியது. நினைவு ஆறு மாதம் தாங்கும், ஒரு வருடம் தாங்கும். மூன்றாவது வருடம் டப்பாவைத் திறக்கும்போது, உள்ளே கிடக்கும் வாஷர் கதவுக் கீலுக்கா கியர் பெட்டிக்கா என்பது யாருக்கும் தெரியாது.

பிரித்த அன்றே ஒவ்வொரு போல்ட்டையும் அட்டையில் குத்தி, அது இருந்த இடத்தைப் படம் வரைந்து வைப்பவர்கள் உண்டு. கழற்ற ஆகும் நேரம் இரண்டு மடங்காகும். ஆனாலும் சரிவில் இறங்கும்போதே ஏறுவதற்குப் படி வெட்டிக்கொண்டே இறங்குவது போன்ற வேலை அது. கழற்றும் உற்சாகத்தில் இருக்கும் ஒருவருக்கு அந்தப் பொறுமை வருவது எவ்வளவு கடினம் என்பதை மாமாவின் முகத்தில் பார்த்திருக்கிறேன். அந்த நாலு ஞாயிறும் அவர் இருபது வயது குறைந்தவராக இருந்தார்.

கடைசியாக வரும் பாகம்

ஹெரால்ட் உற்பத்தி 1970-களிலேயே நின்றுவிட்டது. இன்று பாகம் வேண்டுமென்றால் புதுப்பேட்டையில் கடை கடையாக ஏற வேண்டும், காயலாங்கடைக்காரரிடம் சொல்லி வைக்க வேண்டும், இல்லையென்றால் லேத்தில் கடைந்துகொள்ள வேண்டும்.

காரைப் பூட்ட இருபது பாகங்கள் வெளியில் இருந்து வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பாகமும் மூன்று மாதத்துக்குள் கிடைத்துவிட நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பு. நல்ல நிலைமைதான். ஒவ்வொன்றாகக் கேட்டால், "அனேகமா கிடைச்சிரும்" என்றுதான் மாமா சொல்வார், அது உண்மையும்கூட.

ஆனால் கார் ஓட இருபதும் வேண்டும். இரண்டு பாகம் சேர்ந்து கிடைக்கும் வாய்ப்பு தொண்ணூறில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு, அதாவது 81. மூன்று என்றால் 73. பத்துப் பாகமும் கிடைக்க 35. இருபதும் மூன்று மாதத்துக்குள் வந்துசேரும் வாய்ப்பு நூற்றுக்கு 12 மட்டுமே. "அனேகமாகக் கிடைக்கும்" என்ற இருபது நம்பிக்கைகளைச் சேர்த்தால் "அனேகமாகக் கிடைக்காது" என்ற விடை வருகிறது. மனித மனம் இந்தப் பெருக்கலைத் தானாகச் செய்வதில்லை. தொண்ணூறு, தொண்ணூறு, தொண்ணூறு என்று கேட்டால் மொத்தமும் தொண்ணூறு போலவே நமக்குப் படுகிறது.

எல்லாரும் வந்தால்தான் பந்தி என்று காத்திருந்தால், இலை போடும் நேரத்தை முடிவு செய்பவர் கடைசியாக வருபவர்தான். மாமாவின் காரில் அது ஒரு பின்கதவு. தூர் முழுக்கத் துருவேறி, டிங்கரிங் செய்தாலும் தேறாத கதவு. அந்தக் கதவுக்காகத்தான் இரண்டாவது ஹெரால்ட் கொட்டகைக்குள் வந்தது. தனிக் கதவு எங்கும் கிடைக்கவில்லை, கதவோடு சேர்ந்து முழுக் காராகத்தான் கிடைத்தது.

மோசமாகப் போனால்கூட

"எத்தனை நாள் ஆகும்?" என்ற கேள்விக்கு நாம் சொல்லும் விடை எப்போதும் குறைவாகவே இருப்பதை டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-ல் எழுதிக்காட்டினார்கள். இதைத் திட்ட மயக்கம் என்று சொல்லலாம். 1994-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை நேராக அளந்தது. ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் ஆகியோர், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த பட்டப்படிப்பு மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி விடை சுமார் 34 நாள். எல்லாமே முடிந்த அளவு மோசமாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டார்கள். சுமார் 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது சுமார் 55 நாள். சொன்ன தேதிக்குள் முடித்தவர்கள் பத்தில் மூன்று பேர்தான்.

மோசமான கணிப்பையும் நிஜம் தாண்டிப் போயிருப்பதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பதுண்டு. திட்டம் போடும்போது நாம் வேலையை மனக்கண்ணில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறோம். சேஸியைச் சுரண்டுவோம், பிரைமர் அடிப்போம், எஞ்சினைப் போரிங்குக்குக் கொடுப்போம், பட்டி பார்த்து பெயின்ட் அடிப்போம். அந்தப் படத்தில் மகளுக்குக் கல்யாணம் வருவதில்லை. பட்டறை மோட்டார் எரிந்துபோவதில்லை. ஐப்பசியில் மூன்று வாரம் விடாமல் மழை பெய்து பெயின்ட் காயாமல் போவதில்லை. இவற்றில் எது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஏதாவது ஒன்று வரும் என்பது மட்டும் நிச்சயம்.

இதற்கு மாற்றாக ஆய்வாளர்கள் சொல்வது வெளியிலிருந்து பார்ப்பது. 'நான் இதை எப்படிச் செய்வேன்' என்று கேட்காமல், 'இதே வேலையைச் செய்தவர்களுக்கு எத்தனை காலம் ஆனது' என்று கேட்பது. ஹெரால்ட் வைத்திருக்கும் மூன்று பேரிடம் விசாரித்திருந்தால் மாமாவுக்கு உண்மையான விடை கிடைத்திருக்கும். அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், "அவங்க வேற, நம்ம கையில லேத் இருக்கு" என்று நினைத்திருப்பார். அப்படி நினைக்காதவர் இந்த வேலையில் இறங்குவதே இல்லை.

ஒரு ஜோடிக் கை

இப்போது மூன்று வண்டிக் கணக்குக்கு வருவோம். மாமாவுக்கு ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. அன்று எட்டு மணி நேரம் வேலை. ஒரு வண்டிக்கு 400 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். துரு அதிகமான கார் இதைப்போல இரண்டு மடங்கைக்கூட விழுங்கும், ஆனாலும் கணக்குக்கு இது போதும். அப்படியானால் ஒரு வண்டிக்கு 50 ஞாயிறு, அதாவது ஏறக்குறைய ஓர் ஆண்டு.

மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் முதலாவது 50-ஆம் ஞாயிறு தெருவுக்கு வரும். இரண்டாவது 100-ஆம் ஞாயிறு, மூன்றாவது 150-ஆம் ஞாயிறு.

மாமா அப்படிச் செய்யவில்லை. இந்த வாரம் முதல் கார், அடுத்த வாரம் இரண்டாவது, அதற்கடுத்த வாரம் ஸ்கூட்டர் என்று சுற்றி வந்தார். அப்போது என்ன ஆகும்? முதல் வண்டி முடிவது 148-ஆம் ஞாயிறு. இரண்டாவது 149. மூன்றாவது 150. உழைத்த மணி ஒன்றுதான். ஆனால் கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் கொட்டகையில் இருந்து ஒரு வண்டிகூட வெளியே வராது. பார்ப்பவர்களுக்கு அங்கே எதுவுமே நடக்காதது போல இருக்கும். மாமாவுக்கே அப்படித்தான் இருந்தது, அதுதான் கொடுமை.

உண்மை இதைவிட மோசம். ஒரு வண்டியில் இருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முதல் இரண்டு மணி நேரம் வீணாகிறது. எங்கே விட்டோம் என்று யோசிக்க வேண்டும், டப்பாக்களைத் தேட வேண்டும், போன தடவை கழற்றிய கேஸ்கெட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். எட்டில் இரண்டு போனால் ஆறு. மூன்று வண்டிக்கும் சேர்த்து 1,200 மணி நேரத்தை ஆறு ஆறாகச் செலவிட்டால் 200 ஞாயிறு. மூன்று ஆண்டு நான்கு ஆண்டாகிவிட்டது. மாறி மாறிச் செய்ததற்கான கூலி அந்த ஓர் ஆண்டு.

மாமாவின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. முதல் காருக்குப் பாகம் வராமல் கை சும்மா இருந்தபோதுதான் அவர் ஸ்கூட்டரைத் தொட்டார். காத்திருக்கும் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது நல்ல பட்டறைக்காரரின் பழக்கம். அந்தப் பழக்கமே இங்கே எதிராக வேலை செய்கிறது. பாகம் வந்த நாளில் ஸ்கூட்டரின் எஞ்சின் பிரித்துக் கிடக்கிறது, அதை அப்படியே விட முடியவில்லை. முதல் கார் மறுபடியும் காத்திருக்கிறது, இந்தத் தடவை பாகத்துக்காக அல்ல, மாமாவின் கைக்காக.

காத்திருப்பைப் பற்றிய கணிதத்துக்கு வரிசைக் கோட்பாடு என்று பெயர். அதில் மிக எளிய விதியை 1961-ல் அமெரிக்கரான ஜான் லிட்டில் நிறுவினார். ஒரு டீக்கடைக்கு நிமிடத்துக்கு ஒருவர் வருகிறார், ஒவ்வொருவரும் பத்து நிமிடம் நிற்கிறார் என்றால், எந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் சராசரியாகப் பத்துப் பேர் நின்றுகொண்டிருப்பார்கள். வரும் வேகத்தையும் தங்கும் காலத்தையும் பெருக்கினால் உள்ளே இருக்கும் எண்ணிக்கை கிடைத்துவிடும். கொட்டகைக்கும் இதே விதிதான். மூன்று ஆண்டுக்கு ஒரு வண்டி வந்து, ஒவ்வொன்றும் ஒன்பது ஆண்டு தங்கினால், கொட்டகையில் எப்போதும் மூன்று வண்டி. அதைக் குறைக்க வேண்டுமானால் வரவைக் குறைக்க வேண்டும், அல்லது தங்கலைக் குறைக்க வேண்டும். கொட்டகையைப் பெரிதாக்கினால் எதுவும் குறையாது. மாமா இரண்டு தடவை கொட்டகையைப் பெரிதாக்கியிருக்கிறார்.

துருவுக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை

தைக்காமல் வைத்த துணி பத்து வருடம் கழித்தும் துணியாகவே இருக்கும். கார் அப்படி இருக்காது.

இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. காற்றில் ஈரப்பதம் சுமார் 60 விழுக்காட்டைத் தாண்டும்போது கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் இரும்பின்மேல் படிந்து, துருவேறும் வேகம் சட்டென்று கூடுகிறது. சென்னையில் பெரும்பாலான நாட்களில் ஈரப்பதம் அந்த அளவுக்கு மேல்தான். கடற்காற்றில் வரும் உப்பு அந்தப் படலத்தில் கரைந்து வேலையை இன்னும் துரிதமாக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் இரண்டு தகடுகள் சேரும் இடுக்கில் ஏறினால் தகடுகளையே பிரித்துத் தள்ளிவிடும்.

பழைய பெயின்ட்டுக்கு அடியில் கொஞ்சம் பத்திரமாக இருந்த தகடு, சுரண்டி வெள்ளை இரும்பாக்கிய பிறகுதான் மிகவும் நிராதரவாக நிற்கிறது. ஈரமான நாளில் சில மணி நேரத்திலேயே அதன்மேல் மஞ்சள் பூக்கும். அன்றே பிரைமர் அடிக்காவிட்டால் அடுத்த ஞாயிறு மறுபடி சுரண்ட வேண்டும். கார்பரேட்டரில் மிச்சமிருந்த பெட்ரோல் ஆவியாகி, கோந்து போன்ற கசடு சின்னத் துளைகளை அடைக்கிறது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு உள்ளிருந்து சிலிண்டரை அரிக்கிறது. எஞ்சின் சுற்றாமல் நின்றால் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரோடு ஒட்டி ஜாமாகின்றன.

400 மணி நேரம் என்று நான் போட்ட கணக்கு, வேலை நிற்கும் காலத்தில் தானாகவே கூடுகிறது. காத்திருப்பு துருவைத் தருகிறது, துரு வேலையைக் கூட்டுகிறது, கூடிய வேலை காத்திருப்பை நீட்டுகிறது. ஒரு கட்டத்துக்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி நேரம் செய்வதைவிட அந்த வாரம் துரு செய்வது அதிகமாகிவிடுகிறது. இரண்டாவது ஹெரால்டின் அடித்தட்டு அந்தக் கட்டத்தைத் தாண்டியிருந்தது.

பாரி நகரத்து எஞ்சின்கள்

இந்தக் கதை மிகப் பெரிய அளவில் நடந்த ஓர் இடம் வேல்ஸ் நாட்டுத் துறைமுக நகரமான பாரி. பிரிட்டிஷ் ரயில்வே நீராவி எஞ்சின்களைக் கைவிட்டபோது, டாய் வுட்ஹாம் என்பவரின் பழைய இரும்புக் கிடங்கு 1959 முதல் கிட்டத்தட்ட 300 எஞ்சின்களை உடைப்பதற்காக வாங்கியது. உடைக்க எளிதான சரக்கு வேகன்களைக் கிடங்கு ஆட்கள் முதலில் வெட்டினார்கள். எஞ்சின்கள் கடற்காற்றில் ஆண்டுக்கணக்கில் நின்றன. ரயில் ஆர்வலர்கள் பணம் திரட்டி 1968-ல் முதல் எஞ்சினை வாங்கிக்கொண்டு போனார்கள். 1990-க்குள் மீட்கப்பட்டவை 213.

அவற்றில் ஒன்று 'டியூக் ஆஃப் கிளாஸ்டர்'. 1954-ல் கட்டப்பட்டது, அதன் வகையில் அது ஒன்றுதான். சிலிண்டர்களைக்கூட ஏற்கெனவே கழற்றி எடுத்துவிட்டிருந்தார்கள். பணம் வாங்காத தொண்டர்கள் 1974-ல் அதை வாங்கி, இல்லாத பாகங்களைப் புதிதாக வார்த்து, 1986-ல் மறுபடி ஓட வைத்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே எஞ்சின். படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

மீட்கப்பட்ட 213-ம் ஓடிவிடவில்லை. பல பத்தாண்டுகள் கழித்தும் துருவோடு நிற்பவை உண்டு. கடைசியில் எஞ்சிய சில எஞ்சின்களைப் பற்றி ஒரு கடினமான முடிவை எடுத்தார்கள். 'வில்லிங்டன் ஹால்' என்ற எஞ்சினை அதே வடிவில் மீட்பதில்லை என்று முடிவுசெய்து, அதன் கொதிகலனை, ஒன்றுகூட மிஞ்சாமல் அழிந்துபோன வேறொரு வகை எஞ்சினைப் புதிதாகக் கட்டக் கொடுத்தார்கள். 'பெட்டன் கிரேஞ்ச்' என்ற அந்த எஞ்சின் 2024-ல் ஓடியது. வில்லிங்டன் ஹாலின் சட்டகம் இன்னொரு எஞ்சினுக்குப் போனது.

ஒன்று ஓட வேண்டுமென்றால் இன்னொன்று ஓடாது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. பழைய வண்டியை நேசிப்பவருக்கு இதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது. கதவுக்காக வாங்கிய இரண்டாவது ஹெரால்டைப் பார்த்து மாமாவும் ஒருநாள், "பாடி நல்லாத்தானே இருக்கு, இதையும் செஞ்சிரலாமே" என்று சொல்லியிருந்தார். அந்த நொடியில்தான் உதிரிபாகக் குவியலாக இருந்த ஒன்று வரிசையில் நிற்கும் வண்டியாக மாறியது. பாகம் வருவதற்குப் பதிலாகக் கூடுதலாக 400 மணி நேரம் கொட்டகைக்குள் வந்தது.

சாக்பீஸ் பட்டியல்

போன தைமாதம் மாமாவைப் பார்க்கப் போயிருந்தேன். ஸ்கூட்டரை, அதை முடிப்பேன் என்று சொன்ன ஒரு பையனுக்கு, வாங்கின விலைக்கே கொடுத்துவிட்டார். இரண்டாவது ஹெரால்டில் நான்கு கதவு, கியர் பெட்டி, கண்ணாடிகள், டாஷ்போர்டு எல்லாவற்றையும் கழற்றி அட்டை கட்டி வைத்திருந்தார். இந்தத் தடவை ஒவ்வொரு அட்டையிலும் எழுத்து இருந்தது. மிச்சக் கூட்டைக் காயலாங்கடை வண்டி வந்து எடுத்துப்போன அன்று வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டாராம். அத்தை சொன்னார்.

கொட்டகையில் இப்போது ஒரே கார். பின்கதவு பொருந்திவிட்டது, கீல் சத்தமில்லாமல் திறக்கிறது. சுவரில் சாக்பீஸால் வரவேண்டிய பாகங்களின் பட்டியல் எழுதியிருக்கிறது. பத்தொன்பது வரி அடித்தாகிவிட்டது. முன்கண்ணாடியைச் சுற்றிப் போடும் ரப்பர் பீடிங் மட்டும் இன்னும் அடிபடாமல் இருக்கிறது.

"எப்ப மாமா வரும்?" என்றேன்.

"ரெண்டு பேர்கிட்டச் சொல்லியிருக்கேன்" என்றார். தேதி எதுவும் சொல்லவில்லை.